ஜல்லிப் பாதையில் நின்ற பெட்டி

“மரப்பெட்டி ஒன்று. பழைய இயந்திரம். எடை 780 கிலோ. சாய்க்கக் கூடாது.” லாரி அலுவலக ரசீதில் இருப்பது இவ்வளவுதான். மேல் மூலையில் 21.9.1998 என்று தேதி போட்டிருக்கிறது. அது சென்னையில் பெட்டியை லாரியில் ஏற்றிய நாள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது மறுநாள், செவ்வாய்க்கிழமை, புரட்டாசி ஆறாம் தேதி. வீட்டில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் “அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்துல” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது சரியல்ல. கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் இருந்தது. குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது; சம்பா நாற்றங்கால் பச்சையாக நின்றது; மழை இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் சாயங்காலங்களில் வானம் இருண்டுகொண்டு வந்தது. நடந்ததெல்லாம் அந்தப் பருவத்தால் நடந்தது என்பதால் முதலில் தேதியைச் சரிசெய்துவிடுகிறேன்.

பெட்டிக்குள் இருந்தது ரொட்டி சுடும் அடுப்பு. அனுப்பியவனும் பெற்றுக்கொண்டவனும் ஒருவனே, என் தம்பி. 1987இல் மஸ்கட் போனான். அங்கே ஒரு ஹோட்டலின் ரொட்டிக்கூடத்தில் தட்டு கழுவச் சேர்ந்து, மாவு பிசைகிறவனாகி, கடைசியில் அடுப்புக்குப் பொறுப்பாளனானான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பில் வருவான். ஹோட்டல்காரர்கள் சமையற்கூடத்தைப் புதுப்பித்தபோது பழைய அடுப்புகளை ஊழியர்களுக்கே விலைக்குக் கொடுத்தார்கள். இவன் ஒன்றை வாங்கினான். அதற்குப் பத்து வருடத்துக்கு முன்னால் இப்படி ஓர் இயந்திரத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கிற காரியம் அல்ல. 1998க்குள் துறைமுகத்தில் ஓர் ஏஜெண்டைப் பிடித்தால் போதும் என்று ஆகியிருந்தது.

அடுப்பு இரண்டு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கின் தரையும் ஒரே கல். மாவை அந்தக் கல்லின் மேல்தான் வைப்பார்கள். கல்லின் சூட்டில்தான் ரொட்டியின் அடிப்பக்கம் வேகும். வெளித்தகடு நசுங்கினால் மன்னார்குடிப் பட்டறையில் தட்டி நிமிர்த்தலாம். பர்னர் கெட்டால் திருச்சியில் வாங்கலாம். அந்த அளவில், அந்தக் கனத்தில் ஒரு கல் அப்போது இங்கே கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. தம்பி பெட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டு ஜூலையில் ஊர் வந்தான். அவன் மனைவி மன்னார்குடியில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவன் வந்த வாரத்திலேயே, இரவுச் சாப்பாட்டின்போது, அவர்களுக்குள் ஒரு பேச்சு நடந்தது. நானும் அதே மேசையில் இருந்தேன்.

“இந்தத் தடவ போறதா இருந்தா இனிமே லீவுல வரவேணாம்” என்றாள் அவள். “விருந்தாளி மாதிரி ரெண்டு மாசம் உக்காந்துட்டுப் போறதுக்கு ஒரு போட்டோ அனுப்பினா போதும்.”

“அதான் அடுப்பு வருதுல்ல.”

“வந்தா?”

“கல்லு முழுசா வந்து சேந்தா இங்கயே இருந்துடுறேன். உடைஞ்சிருந்தா அடுப்பு வெறும் தகரம். டிசம்பருக்குள்ள திரும்பிடணும். விசா அதுக்கு மேல நிக்காது.”

“ஆக, நீங்க இருக்கிறதும் போறதும் ஒரு கல்லு கையில இருக்கு.”

“ரெண்டு கல்லு” என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

இனி ஜல்லியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கல் கிடையாது. ஆற்றில் மணல், வயலில் களி, வாய்க்காலில் வண்டல். கல் வேண்டுமென்றால் புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரியிலிருந்து லாரியில் வரவேண்டும். கட்டடம் கட்டுகிறவர்கள்தான் ஜல்லி வாங்குவார்கள், அதுவும் கான்கிரீட்டுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வாசலில் செருப்பைச் சேற்றுக்குப் பறிகொடுக்காதவர்கள் இல்லை. மஸ்கட்டில் பெரிய உத்தியோகஸ்தர்களின் வீடுகளில் கேட்டிலிருந்து வீடு வரை ஜல்லி பரப்பியிருப்பதைத் தம்பி பார்த்திருக்கிறான். 1996 விடுப்பில் வந்தபோது அதேபோல் செய்தான். கேட்டில் ஆரம்பித்து, வீட்டுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஓடி, பின்கட்டு வரை ஒரு பாதை. அடியில் செம்மண் கொட்டித் திமிசு போட்டு இறுக்கிவிட்டு அதன்மேல் ஜல்லியைக் கொட்டச் சொன்னார் கொத்தனார். அதற்குள் விடுப்பு முடிந்துவிட்டது. ஜல்லி நேராகக் களிமண்மேல் கொட்டப்பட்டது.

வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் ஒருவர் இருந்தார். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் கூலிக்கு அறுத்தவர். இவர் அதே நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்தார். மூத்த மகன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் அனுப்பிய பணத்தில் ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார். பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்த என்னை ‘கிளார்க்கு சார்’ என்பார். தம்பியை ‘மஸ்கட்டு’ என்றுதான் கூப்பிடுவார். ஜல்லி கொட்டிய அன்று வந்து நின்று பார்த்துவிட்டு, “மஸ்கட்டு, ரயில் ரோடு போட்டாச்சு. இஞ்சினு எப்ப வருது?” என்று கேட்டவர் அவர். ஊர் முழுவதும் பிறகு அதையே சொன்னது.

லாரி காலையில் வந்தது. நான் அன்று லீவு போட்டிருந்தேன். ஓட்டுநர் இறங்கி வந்து கேட்டைப் பார்த்தார், மேலே போகும் மின்கம்பியைப் பார்த்தார், ஜல்லியைக் காலால் கிளறிப் பார்த்தார்.

“உள்ள விட மாட்டேன் சார். டயரு எறங்கிடும். நான் இன்னைக்குக் கடலூரு போயாவணும்.”

லாரியின் பின்பக்கத்தைக் கேட்டில் ஒட்டி நிறுத்தினார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிற ஆறு பேரைத் தம்பி அழைத்து வந்திருந்தான். அவர்கள் வேலையில் ஒரு முதுகுக்கு ஒரு மூட்டை. அடுத்தவன் தோளையோ மூச்சையோ பார்த்துத் தூக்கவேண்டிய அவசியம் இல்லை. பெட்டியைச் சுற்றி வந்து எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

“சேந்து தூக்குறதுன்னா நாங்க பொணம்தான் தூக்கியிருக்கோம்” என்றார் ஒருவர். “அது இவ்வளவு கனம் இருக்காது.”

“அது சாய்ஞ்சாலும் யாரும் கேக்க மாட்டாங்க” என்றார் இன்னொருவர்.

தம்பிக்கு முகம் மாறியது. சாய்க்கக் கூடாது என்பதை அவன் அன்று காலை முதல் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் இரண்டு தென்னந்துண்டுகளை லாரியிலிருந்து தரைக்குச் சரிவாக வைத்து, கயிற்றால் பிடித்துக்கொண்டே பெட்டியை இறக்கினார்கள். ஆடாமல் அசையாமல் கேட்டுக்கு உள்ளே, ஜல்லிமேல் வந்து உட்கார்ந்தது. லாரி போனது. கொள்முதல் நிலையத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன என்று சொல்லி ஆறு பேரும் போனார்கள். அறுப்புக் காலத்தில் அவர்களைப் பிடித்து நிறுத்த முடியாது.

பின்கட்டில் அடுப்புக்கென்றே ஒரு கொட்டகை கட்டியிருந்தான் தம்பி. அதுவரை பெட்டி போகவேண்டும். டிராக்டர்காரர் மத்தியானம் தன் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார்.

“வந்துடுச்சா இஞ்சினு?”

முதலில் சவுக்குக் கழிகளை அடியில் கொடுத்து உருட்டப் பார்த்தோம். மண் தரையில், சிமெண்டுத் தரையில் எதையும் அப்படி நகர்த்தலாம். ஜல்லியில் கழி உருளவில்லை. கல்லுக்குள் புதைந்து, முன்னால் ஒரு குவியலைத் தள்ளிக்கொண்டு நின்றுவிட்டது. கடப்பாரையால் நெம்பினால் கடப்பாரை இறங்கியது. ஒரு மணி நேர உழைப்பில் பெட்டி தன் இடத்திலேயே சற்றுத் திரும்பி உட்கார்ந்ததுதான் மிச்சம்.

“அங்கன்னா தகடு போட்டு, அதுக்கு மேல ஜாக்கி வண்டிய விட்டு இழுத்துடுவாங்க” என்றான் தம்பி.

“அங்க தகடு இருக்கு. இங்க வைக்கோலுதான் இருக்கு” என்றார் டிராக்டர்காரர். பிறகு குனிந்து பெட்டியின் அடியைப் பார்த்தார். நீளவாக்கில் இரண்டு தடித்த கட்டைகள், முனைகள் மேல்நோக்கிச் செதுக்கப்பட்டிருந்தன. “மஸ்கட்டு, இங்க பாரு. பரம்பு மாதிரியே செஞ்சு அனுப்பியிருக்கான்.”

பரம்பு என்பது நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்த இழுக்கும் பலகை. முன்பு மாடு இழுத்தது, இப்போது டிராக்டர் இழுக்கிறது. தண்ணீர் நின்ற சேற்றில் எவ்வளவு பாரத்தோடும் அது வெண்ணெயில் போவதுபோல் போகும். அவர் சொன்னதுமே அங்கிருந்த எல்லோருக்கும் அது கண்ணில் தெரிந்துவிட்டது. எனக்கும்தான். ஜல்லிமேல் வண்டலைக் கொட்டித் தண்ணீர் விடவேண்டும், அதன்மேல் வைக்கோல் பரப்பவேண்டும், டிராக்டரை முன்னால் கொண்டுபோய்க் கயிறு கட்டி இழுக்கவேண்டும்.

“தண்ணி ஊத்துனா எறங்கிடாதா?” என்று தம்பி கேட்டான்.

“பரம்பு எறங்குதா?”

“அது பலகைண்ணே. இது எழுநூறு கிலோ.”

“அதுக்குத்தான்டா வைக்கோலு.”

“பரம்புன்னா மேல ஒரு ஆளு நிக்கணுமே” என்றார் ஆட்களில் ஒருவர். “கிளார்க்கு சார் ஏறட்டும். அவருதான் சும்மா நிக்கிறாரு.”

நான் ஏறவில்லை. ஆனால் யோசனையை மறுக்கவும் இல்லை. இந்த ஊரில் பாரமான ஒன்று நகரவில்லை என்றால் தண்ணீர் காட்டுவோம். தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு உதவிய வழி அது. கல்மேல் எதையும் இழுக்கவேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை.

டிராக்டர் பெட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. கேட்டை ஒட்டிப் பாதை கொஞ்சம் அகலம்; சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே சக்கரம் உரசாமல் போக மட்டும் இடம் இருந்தது. ஆட்கள் வாய்க்கால் கரையிலிருந்து கூடை கூடையாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார்கள். நான் மோட்டாரைப் போட்டுக் குழாயைப் பிடித்தேன். புது வைக்கோல் வந்தது. ஜல்லி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, எங்கள் பாதை நடவுக்குத் தயாரான வயல்போல ஆயிற்று. தம்பி மட்டும் பெட்டியின் ஒரு மூலையில் கையை வைத்தபடி நின்றான், காய்ச்சல் பார்க்கிறவன் மாதிரி.

இழுத்தபோது பெட்டி போனது. இதைக் குறிப்பாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிறகு எல்லோரும் அது ஆரம்பத்திலிருந்தே பைத்தியக்கார யோசனை என்று பேசினார்கள். முதல் பாதித் தூரம் அது வழுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல், நிமிர்ந்தபடியே போனது. ஆட்கள் கூவினார்கள். பள்ளி பஸ்ஸில் வந்து இறங்கிய தம்பி மனைவி கைப்பையோடும் குடையோடும் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தியாம்மா, உன் வீட்டுக்காரரோட கப்பலு வருது!” என்று டிராக்டர்காரர் இருக்கையிலிருந்து திரும்பிக் கத்தினார்.

அப்போதுதான் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடியில்லாமல் சுற்ற ஆரம்பித்தன. ஜல்லிக்கு அடியிலிருந்த களி முழுக்க ஊறியிருந்தது. சக்கரங்கள் கல்லை இரு பக்கமும் வாரி இறைத்துவிட்டு, களிக்குள் இரண்டு பள்ளம் தோண்டிக்கொண்டு முன்னால் போயின. கயிறு தளரவில்லை. பெட்டி அதன் பின்னாலேயே வந்தது. வந்த வேகத்தில் அதன் இடது கட்டை இடது பள்ளத்தில் இறங்கியது.

பெட்டி சாய்ந்தது. விழவில்லை, இடது பக்கம் முழங்கால் அளவுக்கு இறங்கி நின்றது. உள்ளே ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுக் கூரையிலிருந்து ஓடு விழுந்தால் வருமே, அந்த மாதிரி. ஒரே தடவைதான்.

டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தினார். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அணைத்தேன். தம்பி பெட்டியை விட்டு விலகிச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி குடையை மடக்காமலே ஜல்லியின் விளிம்பு வரை வந்தாள்.

“என்ன சத்தம் அது?”

டிராக்டர்காரர் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார்.

“தொறந்து பாருங்களேன்” என்றாள் அவள்.

“முதல்ல நிமித்தணும்” என்றான் தம்பி.

டிராக்டர் ஜாக்கியைப் பலகைமேல் வைத்து, இறங்கிய பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிச் செங்கல் கொடுத்தோம். பெட்டி நேரானது. நேராக்கி முடித்தும் அவன் திறக்கவில்லை. சுத்தியலும் ஆணி பிடுங்கியும் கையில் இருந்தன. பெட்டியைப் பார்த்தபடி நின்றான். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. டிராக்டர்காரர் வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெட்டிக்கும் பின்கட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தன் வண்டியைப் பார்த்தார். அந்த இடத்தில் வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே பாதை குறுகல்; வெளியே போகும் ஒரே வழியைப் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும்.

“மஸ்கட்டு, என் நெல்லு களத்துல கெடக்கு. வானம் மூடுது. நீ போறியா இருக்கியாங்கிறத அப்புறம் முடிவு பண்ணு. மொதல்ல என் வண்டிய வெளிய விடு.”

விசா விஷயம் அதற்குள் எதிர்க்கரை வரை தெரிந்திருந்தது.

“சுவத்த இடிச்சுக்கங்க” என்றான் தம்பி.

“நெசமாவா?”

“காலையில இடிச்சுக்கங்க. நான் கட்டுன சுவருதானே.”

அதைச் சொல்லிவிட்டுத்தான் அவன் பெட்டியின் முன்பக்கத்துக்குப் போனான். நாலைந்து பலகைகளைப் பிடுங்கி, டார்ச்சை வாங்கிக்கொண்டு, தலையையும் ஒரு தோளையும் உள்ளே நுழைத்தான். அவன் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் உள்ளே பார்த்தான் என்று நான் கவனிக்கவில்லை. எல்லோரும் அவனுடைய சேறு அப்பிய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்தபோது முகத்தில் மரத்தூள்.

“ஒண்ணும் ஆகல” என்றான். “மேல் கதவு கழண்டு இடிச்சிருக்கு. அந்தச் சத்தம்தான். ரெண்டு கல்லும் நல்லா இருக்கு.”

“நான் பாக்கட்டுமா?” என்றாள் அவன் மனைவி.

“எல்லாம் ஆணி. காலையில வெளிச்சத்துல பாக்கலாம்.”

பிடுங்கிய பலகைகளை அவன் திரும்ப வைத்து அடித்தான். அவள் கொஞ்ச நேரம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பாத்தீங்களா, அத்தான்?”

“இல்லம்மா. அவன் மட்டும்தான்.”

“சரி” என்றாள். உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று இரவு மழை பெய்தது. தார்ப்பாயால் பெட்டியைப் போர்த்தியிருந்தோம். விடிந்ததும் டிராக்டர்காரர் ஆட்களோடு வந்து சுற்றுச்சுவரில் ஒரு வண்டி போகும் அளவு இடித்துவிட்டு, பக்கத்து மனை வழியாகத் தன் டிராக்டரை ஓட்டிக்கொண்டு போனார். களத்தில் கிடந்த நெல்லின் ஒரு பகுதி நனைந்துவிட்டிருந்தது. அதற்காக அவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. “தப்பு என் பேர்ல இல்ல, கல்லு பேர்ல” என்று மட்டும் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டியை அதற்கப்புறம் யாரும் நகர்த்த முயலவில்லை. வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தரை காயாது. தை பிறந்த பிறகுதான் பார்க்கமுடியும். அதற்குள் டிசம்பர் போய்விடும். தம்பி ஒரு வாரம் யோசித்தான். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுப் பெட்டி நின்ற இடத்திலேயே கொட்டகை போடச் சொன்னான். கொத்தனார் முதல் வேலையாகப் பாதையிலிருந்த ஜல்லியை முழுக்க வாரிக் கழுவி, அடுப்பைச் சுற்றிக் கான்கிரீட் தளம் போட்டார். பின்கட்டுக் கொட்டகை மாவு மூட்டை வைக்கும் இடமாயிற்று. டிராக்டர் போவதற்கு இடித்த வழியை அடைக்காமல் ஒரு தட்டி போட்டு வைத்தோம்; வாங்க வருகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள்.

பெட்டியைப் பிரித்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். அவன் மனைவி பள்ளியில் இருந்தாள். அது வேலைநாள், அதில் அசாதாரணம் எதுவும் இல்லை. அக்டோபரில் தம்பி பர்னர் சாமான் வாங்க என்று திருச்சி போய்வந்தான். கனமான ஒரு பையோடு திரும்பினான். முதல் சில வாரங்கள் அவன் மேல் அடுக்கை மட்டுமே மூட்டினான். கீழடுக்கு எதற்கு, கேஸ் வீண் என்றான். அந்த அளவுக்குத்தான் அப்போது வியாபாரமும் இருந்தது.

எங்கள் ஊரில் ரொட்டி அப்போது காய்ச்சல்காரர்கள் சாப்பிடுவது. கையில் ரொட்டியோடு ஒருவர் தெருவில் போனால், “யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கேட்பார்கள். முதல் நாள் தம்பி சுட்டதில் பாதியை டிராக்டர்காரர் வாங்கிக்கொண்டு போய், வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் வீடு முழுக்கக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். ரொட்டியைவிட பன் போனது; தேங்காய் பன் இன்னும் நன்றாகப் போனது. டிசம்பரில் மாதா கோயில் பங்குக் குடும்பங்கள் கேக்குக்குச் சொல்லிவைத்தன. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தில் முதல் முறையாக இரண்டு அடுக்குகளும் எரிந்தன. வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த வாரத்தைத்தான். தேதி குழம்பியதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு சாயங்காலம். தம்பி மாவு பிசைந்துகொண்டிருந்தான். அவன் மனைவி விடைத்தாள் கட்டோடு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் பன் வாங்க வந்த மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

“இன்னைக்குத்தானே?” என்றாள் தலை நிமிராமல்.

“என்னது?”

“விசா.”

“அது நேத்தே முடிஞ்சுபோச்சு” என்றான்.

அவள் ஒரு விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். தம்பி பிறகு மஸ்கட் போகவே இல்லை.

அந்த அடுப்பு பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. 2011இல் கோயம்புத்தூரில் செய்த புது அடுப்பு ஒன்று வாங்கினான். அது வந்த லாரியிலேயே இறக்கிவைக்கும் இயந்திரம் இருந்தது. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்தது. பழையதைக் காயலான்கடைக்காரர் ஒருவர் எடைக்கு எடுத்துக்கொண்டார். பிரித்துக் கழற்றும்போது நான் ஓய்வுபெற்றுவிட்டதால் வீட்டில் இருந்தேன்.

மேல் அடுக்குக் கல் முழுதாக வந்தது. கீழடுக்குக் கல்லை வெளியே இழுத்தபோது அது இரண்டாக வந்தது. முன்பக்க இடது மூலையிலிருந்து பின்பக்கம் வரை குறுக்கே ஓடிய விரிசல். புதிய விரிசல் அல்ல. சூடு தாங்கும் சிமெண்டை அதில் நிரப்பி, கல்லோடு கல்லாக மட்டம் செய்து தேய்த்திருந்தார்கள். சிமெண்டும் கல்லைப் போலவே வெந்து கறுத்திருந்தது. நிரப்பியவர் அவசரமில்லாமல், நேர்த்தியாகச் செய்திருந்தார். காயலான்கடைக்காரர் இரண்டு துண்டுகளையும் ஓரமாகப் போட்டார். அவருக்குக் கல் வேண்டாம், இரும்புதான் வேண்டும்.

அன்றே தம்பியிடம் கேட்டேன்.

“எப்போ விட்டுச்சுன்னு தெரியலண்ணே. அடுப்புன்னா விரிசல் விடும். ஓட்டல்லயே இருந்துச்சோ என்னமோ.”

“அன்னைக்கு உள்ள பாத்தியே. அப்போ இருந்துச்சா?”

“அன்னைக்கு டார்ச்சுல பேட்டரி வீக்கு” என்றான். பிறகு புது அடுப்பின் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். கண்ணாடிக் கதவு. உள்ளே வேகிறது வெளியிலிருந்தே தெரியும்.

அவன் மனைவியிடமும் கேட்டேன். அவள் அப்போது தலைமையாசிரியை ஆகியிருந்தாள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

“கல்லு உடைஞ்சிருந்தது உனக்குத் தெரியுமாம்மா?”

“ஏன் அத்தான், இத்தன வருஷம் கழிச்சு?”

“தேதி வேணும்.”

“எழுதப் போறீங்களா?”

“ஆமா.”

அவள் ஒரு போர்வையை உதறி மடித்தாள். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். “தெரியலன்னு எழுதுங்க” என்றாள்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். 1998 செப்டம்பர் 22 சாயங்காலம் பெட்டி இடது பக்கம் சாய்ந்ததும், உள்ளே ஒரு சத்தம் கேட்டதும் உண்மை. கேட்டவர்கள் ஆறு பேர், அவர்களில் ஐந்து பேர் இன்று இருக்கிறார்கள். இரண்டு கல்லும் நன்றாக இருக்கிறது என்று தம்பி சொன்னதும் உண்மை. கீழடுக்குக் கல் இடது மூலையிலிருந்து உடைந்து, ஏதோ ஒரு காலத்தில் ஒட்டப்பட்டிருந்ததும் உண்மை. உடைந்தது மஸ்கட்டிலா, கப்பலிலா, எங்கள் ஜல்லியிலா, அதன் பிறகு நெருப்பிலா என்பது தெரியவில்லை. ஹோட்டலில் விற்கும்போதே விரிசல் இருந்ததா என்று விசாரிக்க அங்கே எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இப்போது இல்லை. தலையையும் தோளையும் நுழைத்துப் பார்த்தபோது தம்பி அந்த விரிசலைப் பார்த்தானா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.